காருக்குள் சம்பந்தி கிடையாது

“சம்பந்தி, தப்பா எடுத்துக்க மாட்டீங்கன்னா ஒரு வார்த்தை சொல்லலாமா?”

“என்ன இப்படிக் கேக்குறீங்க சம்பந்தி? நீங்க சொல்லாம வேற யாரு சொல்றது? தாராளமா சொல்லுங்க.”

“ஒண்ணுமில்ல. நீங்க ரொம்ப அழகாத்தான் ஓட்டுறீங்க, அதுல ஒரு குறையும் கிடையாது. ஆனா, உங்களுக்குச் சௌகரியப்பட்டா, இந்தப் பிரேக்கைக் கொஞ்சம்…”

அதற்குள் கார் மூலைவீட்டுக் குப்பைத்தொட்டியில் மோதி நின்றது. தொட்டி ஒருமுறை தள்ளாடி யோசித்துப் பார்த்துவிட்டு, சாலையில் சாய்ந்து படுத்துக்கொண்டது.

பின்சீட்டில் காய்கறிப் பையை மடியில் வைத்துக்கொண்டிருந்த வாத்தியாரம்மா எட்டிப் பார்த்தாள். “சொல்லி முடிச்சாச்சா? இல்ல, இன்னும் ரெண்டு வரி பாக்கி இருக்கா?”

தொட்டியைச் சாய்த்தவர் நேற்றைக்கு வண்டி பழகியவர் இல்லை. சொந்த ஊரில் முப்பது வருஷம் டவுன் பஸ் ஓட்டியவர். ஒரு பக்கம் தள்ளுவண்டி, மறுபக்கம் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள், பஸ்ஸின் கண்ணாடிக்கும் கடைச் சுவருக்கும் நடுவே விரல் நுழைகிற இடைவெளி, அதில் ஒரு கீறல் விழாமல் போய் வந்தவர். இன்றைக்கும் எல்லாருக்கும் அவர் டிரைவர்தான். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு, “தனியா என்னப்பா பண்ணப் போறீங்க” என்று கடல் தாண்டி வாழ்க்கைப்பட்ட ஒரே மகள் தன்னோடு கூப்பிட்டுக்கொண்டாள். மருமகனுக்கு வெளியூர் வேலை; மகளும் குழந்தையும் இருப்பது மாமனார் மாமியாரோடு. ஆக, டிரைவர் வந்து இறங்கியது சம்பந்தி வீட்டில். வாஷிங் மெஷின் இருந்த பின் அறையை ஒழித்து அவருக்கு ஒரு கட்டில் போட்டுக் கொடுத்தார்கள். மெஷின் மட்டும் அங்கேயே இருந்தது.

சம்பந்தி என்ன வேலை செய்தார் என்றால், அந்த ஊரில் டிரைவிங் ஸ்கூல் நடத்தினார். அதனால் அவர் எல்லாருக்கும் வாத்தியார், அவர் மனைவி வாத்தியாரம்மா.

டிரைவரின் பழைய லைசென்ஸ் அங்கே செல்லாது, புதிதாக டெஸ்ட் கொடுக்க வேண்டும் என்றதும், “கையில வெண்ணெய வெச்சுக்கிட்டு நெய்க்கு அலைய வேண்டாம்” என்று எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். அங்கேதான் வினை.

வாத்தியாருக்கு ஊரில் இருந்த பட்டப்பெயர் சைரன். இரண்டு தெரு தள்ளி அவருடைய கார் வரும்போதே சத்தம் கேட்கும். “பிரேக்! பிரேக்! அது பிரேக்கா, உங்க அப்பன் வீட்டுத் தலையணையா? அழுத்து!” “கண்ணாடியப் பாரு! உன் மூஞ்சியப் பாக்க இல்ல, பின்னால வர்றவனைப் பாக்க!” படிக்க வருகிறவர் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் பாதித் திட்டு தமிழில்தான் விழும். அர்த்தம் புரியாவிட்டாலும் கால் தானாகப் பிரேக்குக்குப் போய்விடும். அழுதுகொண்டே கற்பார்கள், சிரித்துக்கொண்டே லைசென்ஸ் வாங்குவார்கள்.

ஆனால் பெண்ணைக் கொடுத்தவரை எப்படித் திட்டுவது? சம்பந்தி என்று சொன்னால் வாத்தியாரின் குரல் பஞ்சுமூட்டை ஆகிவிடும். டிரைவரும் லேசுப்பட்டவர் இல்லை, மரியாதையில் ஒரு படி மேலே. காலையில் குளியலறை வாசலில் இரண்டு பேரும் துண்டோடு நிற்பார்கள்.

“நீங்க முதல்ல குளிங்க சம்பந்தி.”

“நல்லா இருக்கே. நீங்க இருக்கும்போது நானா? நீங்க போங்க.”

“வயசுல மூத்தவங்க நீங்க.”

“வீட்டுக்குச் சொந்தக்காரர் நீங்க.”

இப்படியே போய், கடைசியில் வேலைக்குக் கிளம்பும் மகள் நடுவில் புகுந்து குளித்துவிட்டு வருவாள். அப்போதும் வாசலில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். டிரைவர் ஒருநாளும் தோற்றதில்லை. வாத்தியார்தான் கடைசியில் முதலில் போவார்.

குளியலறையில் ஜெயித்தவர் ரோட்டில் இரண்டு முறை தோற்றிருந்தார். முதல் டெஸ்ட் முடிந்து வந்த அன்று கூடத்தில் நடந்த பேச்சு இது:

“நிக்கச் சொல்லி போர்டு வெச்சிருந்தாங்கம்மா. ரோட்டுல ஈ காக்கா கிடையாது. வேகத்தைக் கொறச்சு, ரெண்டு பக்கமும் பாத்துட்டுத்தான் போனேன்.”

“முழுசா நிக்கணும்ப்பா.”

“யாருக்காக நிக்கணும்?”

“போர்டுக்காக.”

“போர்டுக்காகவா?” டிரைவர் மகளையே பார்த்தார். “மந்திரி வந்தா நின்னிருக்கேன். பிணம் வந்தா நின்னிருக்கேன். தகரத்துக்காக நின்னதில்லம்மா.”

இரண்டாவது முறை ஹாரன். அந்த ஊரில் ஹாரன் என்பது ஆபத்துக்கு அடிப்பது, இல்லாவிட்டால் அவமானப்படுத்த அடிப்பது. டிரைவருக்கோ அது மூச்சு மாதிரி. வளைவில் ஒன்று, சைக்கிளைப் பார்த்தால் ஒன்று, சும்மா போகிற பூனைக்கு ஒன்று. டெஸ்ட் எடுத்த குட்டை முடிப் பெண் வண்டியை ஓரம் கட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறாள், அந்த நாட்டுப் பேச்சில்:

“என்ன ஆபத்து?”

“ஆபத்து இல்லை. நான் வருகிறேன் என்று சொன்னேன்.”

“வருவதுதான் தெரிகிறதே!”

மூன்றாவது முறையும் விட்டால் ஒரு வருஷம் கழித்துத்தான் மறுபடி எழுதிப் போட முடியும். ஆனால் ஒரு வருஷம் காத்திருக்கிற நிலைமை இல்லை. பின்தெருவில் ஒரு முதியோர் இல்லம் இருந்தது. அங்கே இருப்பவர்களை ஆஸ்பத்திரிக்கும் பூங்காவுக்கும் கூட்டிப் போகிற வேனுக்கு ஆள் தேவைப்பட்டது. நடந்து போகும்போது வேனைப் பார்த்து நின்ற டிரைவரிடம் இல்லத்துத் தலைவி பேச்சுக் கொடுத்து, பஸ் ஓட்டினவர் என்று தெரிந்ததும், “வருகிற வெள்ளிக்கிழமைக்குள் லைசென்ஸோடு வந்தால் திங்கட்கிழமை முதல் வேன் உங்களுடையது. இல்லாவிட்டால் வேறு ஆளை எடுத்துவிடுவேன், மன்னிக்கணும்” என்று சொல்லியிருந்தாள்.

டிரைவர் மகளிடம் தனியாகச் சொன்னார்: “விருந்தும் மருந்தும் மூணு நாள்னு சொல்வாங்க. நான் மூணு மாசமா சம்பந்தி வீட்டு சோபாவுல உக்காந்திருக்கேன். சும்மா உக்காந்து சாப்பிட்டா சோறு தொண்டையில இறங்க மாட்டேங்குதும்மா.”

“யாராவது ஏதாவது சொன்னாங்களாப்பா?”

“யாரும் ஒண்ணும் சொல்லல. அதான் கஷ்டம். சொன்னாலும் ரெண்டு வார்த்தை திருப்பிச் சொல்லிட்டு நிம்மதியா சாப்பிடலாம்.”

இந்த நிலைமையில், டெஸ்டுக்கு ஒரு வாரம் இருக்கும்போதுதான் குப்பைத்தொட்டி சாய்ந்தது.

அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் வாத்தியாரம்மா குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள். வைத்த சத்தமே நன்றாக இல்லை.

“ஏங்க, போன மாசம் நீங்க திட்டுன திட்டுல ஒரு பொண்ணு கார்லேர்ந்து இறங்கி நடந்தே வீட்டுக்குப் போச்சே, அது என்ன ஆச்சு?”

“பாஸ் ஆயிடுச்சு.”

“அந்த மீசைக்காரப் பையன்? ‘உனக்கு லைசென்ஸ் குடுத்தா ஊரைக் காலி பண்ணணும்’னு சொன்னீங்களே?”

“அவனும் பாஸ்.”

“நீங்க ஒரு வார்த்தை திட்டாம, பக்கத்துல உக்காந்து சாமரம் வீசிக்கிட்டே சொல்லிக் குடுத்த ஒரே ஆளு யாரு?”

வாத்தியார் தட்டைப் பார்த்தார்.

டிரைவருக்கு அப்போதுதான் பொறி தட்டியது. “அப்ப நான் ஓட்டுறது சரியில்லையா சம்பந்தி? தினமும் பிரமாதம்னு சொன்னீங்களே?”

“பிரமாதம்தான்…”

“தான்?”

“ஸ்டாப் போர்டுல நிக்கிறதில்ல.” வாத்தியார் தண்ணீர் குடித்தார். “ஒரு நாள்கூட நின்னதில்ல. இடது பக்கம் திரும்பினா பழைய ஞாபகத்துல எதிர் வரிசையில போயிடுறீங்க. இண்டிகேட்டர்னு நெனச்சு வைப்பரைப் போடுறீங்க, வெயில்ல. ஹாரன் அடிக்கிறது இங்க கெட்ட வார்த்தை சொல்ற மாதிரி. நேத்து ரோட்டுல போன அந்த வயசான அம்மாவை மூணு தடவை கெட்ட வார்த்தை சொல்லிட்டீங்க.”

“ஐயையோ! ‘பாத்துப் போங்கம்மா’ன்னுதானே அடிச்சேன்?”

“அவங்க காதுல அப்படி விழுந்திருக்காது.”

“இதையெல்லாம் நீங்க ஏன் அப்பவே சொல்லல?”

“சொன்னேனே. ‘உங்களுக்குச் சௌகரியப்பட்டா’ன்னு ஆரம்பிச்சேன். ஒவ்வொரு தடவையும் நான் முடிக்கிறதுக்குள்ள நாம அந்த இடத்தைத் தாண்டிடுறோம்.”

குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருந்த மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்: “மாமா, நீங்கதானே எல்லார்கிட்டயும் சொல்வீங்க, எல்லையத் தாண்டினா சட்டம் மாறிடும், பழைய ஊர்ச் சட்டத்தைப் பெட்டியில வெச்சுப் பூட்டிடணும்னு? நம்ம காரை ஒரு தனி நாடுன்னு வெச்சுக்குவோம். கதவை மூடினா அந்த நாட்டுச் சட்டம். காருக்குள்ள சம்பந்தி கிடையாது. கதவைத் திறந்து கீழ கால் வெச்சா மறுபடியும் சம்பந்தி.”

டிரைவர் யோசித்தார். “அப்ப உள்ள இவர் எனக்கு யாரு?”

“வாத்தியார்.”

“நான் இவருக்கு யாரு?”

“மக்கு” என்றாள் வாத்தியாரம்மா. உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, “மன்னிச்சுக்கங்கண்ணா, நான் இன்னும் கார்ல ஏறல. அவசரப்பட்டுட்டேன்” என்றாள்.

மறுநாள் காலை. டிரைவர் வழக்கம்போல வலது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். எதிரே ஸ்டியரிங் இல்லை. பழைய நாட்டில் அது இருக்கிற பக்கம் அது. வழக்கம்போலவே முன்னால் இருந்த பெட்டியைத் திறந்து, துணி எடுக்க வந்தவர் மாதிரி ஒரு துணியை எடுத்து, கண்ணாடியைத் துடைத்துவிட்டு, சுற்றிக்கொண்டு இடது பக்கம் போனார். மூன்று மாதமாக அந்தக் காரின் கண்ணாடி பளபளவென்று இருந்ததற்குக் காரணம் அதுதான்.

“கதவெல்லாம் மூடியாச்சா?” பின்சீட்டிலிருந்து வாத்தியாரம்மா. சட்டம் ஒழுங்கைப் பார்த்துக்கொள்ள அவளும் வந்திருந்தாள்.

“மூடியாச்சு.”

“ஆரம்பிங்க.”

வாத்தியார் தொண்டையைக் கனைத்தார். “யோ…” என்றார். நின்றது. மறுபடியும் மூச்சு பிடித்து, “யோவ்ங்க” என்றார்.

“அது என்ன யோவ்ங்க? பாதிக் கதவு திறந்திருக்கா?”

“வர மாட்டேங்குதுடி!”

“என்கிட்ட மட்டும் நல்லா வருது.”

கார் கிளம்பியது. முதல் ஸ்டாப் போர்டு வந்தது. டிரைவர் வேகத்தைக் குறைத்தார், இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், கார் பூனை மாதிரி நழுவப் பார்த்தது. அப்போது மூன்று மாதமாக அடைத்துக்கிடந்தது வாத்தியாருக்குள்ளிருந்து அணை உடைந்த மாதிரி வந்தது:

“நில்லுய்யா! நில்லுன்னா நில்லு! போர்டு உனக்கு மாமனா மச்சானா, பாத்துச் சிரிச்சுட்டுப் போறதுக்கு?”

டிரைவரின் கால் பிரேக்கில் போய் விழுந்தது. கார் முன்னே குனிந்து, பின்னால் சாய்ந்து, அசையாமல் நின்றது. வாத்தியார் வாயை மூடிக்கொண்டு சம்பந்தியின் முகத்தைப் பார்த்தார்.

டிரைவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

“வாத்தியாரே, முழுசா நின்னா வண்டி இப்படி ஒரு சாய்வு சாயுமா?”

“ஆமா. அந்தச் சாய்வு வரணும். வரலைன்னா நீ நிக்கலைன்னு அர்த்தம்.”

“இதை முதல் நாளே திட்டியிருந்தா இந்நேரம் லைசென்ஸ் வாங்கியிருப்பேனே! நல்ல வாத்தியார்யா நீ!”

“என்னையே யோவா?”

“கதவு மூடித்தானே இருக்கு?”

அன்றிலிருந்து தெருவே வேடிக்கை பார்த்தது. “நடுக்கோடு உன் தோள் பக்கம் இருக்கணும்யா! எந்த நாட்டுலயும் டிரைவர் தோளுக்குப் பக்கத்துலதான் நடுக்கோடு. அங்க வலது தோள், இங்க இடது தோள். திரும்பினதும் தோளைப் பாரு!” “பாத்துட்டேன், கத்தாதய்யா, காது ஒரு பக்கம் அடைக்குது!” “கை எங்க போகுது? ஹாரனுக்குத்தானே போகுது? எடு!” “அடிக்கல, தடவித்தான் பாத்தேன்!” ஹாரனை விட முடியாமல் போனபோது, வளைவுகளில் டிரைவர் வாயாலேயே மெதுவாக “பாம் பாம்” என்று சொல்லிக்கொண்டார். அதற்குச் சட்டத்தில் தடை இல்லை என்று வாத்தியாரும் விட்டுவிட்டார்.

கார் வீட்டு வாசலில் வந்து நிற்கும். இரண்டு கதவும் திறக்கும்.

“பாத்து இறங்குங்க சம்பந்தி, படி ஈரமா இருக்கு.”

“நீங்க முதல்ல உள்ள போங்க சம்பந்தி.”

டிரைவர் மகளிடம் சொன்னார்: “டிப்போவுல சேர்ந்த புதுசுல ஒரு செக்கர் இப்படித்தான் திட்டுவாரு. இந்த ஊருக்கு வந்து இப்பத்தான் ஒருத்தர் என்னை ஆளா மதிச்சுத் திட்டுறாரும்மா.”

எல்லாம் சரியாக வந்தும் ஒன்று மட்டும் வரவில்லை. நாலு பக்கமும் ஸ்டாப் போர்டு வைத்த சந்திப்பு. யார் முதலில் வந்து நின்றாரோ அவர் முதலில் போகவேண்டும், மற்றவர் காத்திருக்கவேண்டும். டிரைவர் நிற்பார். நின்றபடியே காரின் மூக்கை மட்டும் அங்குலம் அங்குலமாக உள்ளே நுழைப்பார்.

“மூக்கை எடுய்யா!”

“இடம் பிடிச்சு வெக்கிறேன்.”

“இது என்ன பஸ் சீட்டா, துண்டு போட்டு வெக்கிறதுக்கு?”

“நாம விட்டா அவன் போயிடுவான்யா!”

“போகட்டுமே! அவன் முறைதானே?”

“அவனுக்கு முறைன்னா எனக்கு?”

வாத்தியாருக்குக் கத்திக் கத்திக் குரல் கம்மிவிட்டது. அப்போது வாத்தியாரம்மா இரண்டு சீட்டுக்கும் நடுவே தலையை நீட்டினாள்.

“அண்ணா, நம்ம ஊர் ரோட்டுல எதிர்ல வர்றவன் யாரு?”

“யாரு?”

“பங்காளி. ஒரு அடி விட்டுக் குடுத்தா வேலியத் தள்ளிப் போட்டுக்குவான். அதனால நீங்களும் மூக்கை நுழைச்சுத்தான் ஆகணும், தப்பு சொல்லல. ஆனா இந்த ஊர் ரோட்டுல வர்றவன் அத்தனை பேரும் சம்பந்தி. நீங்க போங்க, இல்ல நீங்க போங்க, உங்களுக்கு முன்னால நான் எப்படின்னு நிப்பான். நீங்க குளிக்கிற ரூம் வாசல்ல இவர்கிட்ட எப்படி நிப்பீங்க? அதே மாதிரி இங்க நில்லுங்க. பங்காளிகிட்ட காட்டுற வீரத்தையெல்லாம் காருக்குள்ள இவர்கிட்ட காட்டிக்கங்க.”

வாத்தியார் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

“இருபது வருஷமா பாடம் நடத்துறேன்” என்றார் வாத்தியார். “எனக்கு இது தோணலையே.”

“நீங்க போடுற சத்தத்துல தோணினதுகூட பயந்து ஓடியிருக்கும்.”

எதிரே ரொட்டிக்கடை வேன் ஒன்று வந்து நின்றது. டிரைவர் காரின் மூக்கைப் பின்னுக்கு இழுத்தார். அந்த வேனைப் பார்த்து, குரலே மாறி, “வாங்க சம்பந்தி. நீங்கதான் முதல்ல வந்தீங்க. போங்க” என்றார். வேன் போயிற்று. அடுத்து ஒரு சைக்கிள்: “வாம்மா சின்ன சம்பந்தி.” அடுத்து ஒரு பஸ். டிரைவர் சீட்டிலேயே கொஞ்சம் எழுந்து உட்கார்ந்தார். “பெரிய சம்பந்தி வர்றாரு, நாம ஒதுங்கிக்குவோம்.”

“உன் முறை வந்து அரை மணி ஆச்சு, போய்யா!” என்றார் வாத்தியார்.

பழக்கம் ஒரு பக்கம் மட்டும் போகாது அல்லவா? டெஸ்டுக்கு முந்தின நாள் டிரைவர் துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கமாகவே அறையிலிருந்து வந்தார். பின்னால் காபி டம்ளரோடு வந்த வாத்தியார், “யோவ்! கண்ணு என்ன முதுகுலயா இருக்கு? பின்னால பாத்து வாய்யா!” என்று போட்டார். மகள் சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். வாத்தியாருக்கு முகம் வெளிறிப்போய்விட்டது.

“மன்னிச்சுக்கங்க சம்பந்தி. ஏதோ ஞாபகத்துல… வீடுங்கிறதை மறந்துட்டேன்.”

டிரைவர் கூடையை இறக்கி வைத்தார். “இருக்கட்டும் சம்பந்தி. வாஷிங் மெஷின் கதவு மூடித்தான் இருந்துச்சு.”

வெள்ளிக்கிழமை வந்தது. டெஸ்டின்போது சொல்லிக்கொடுத்தவர் பின்சீட்டில் உட்காரலாம், வாயைத் திறக்கக் கூடாது; திறந்தால் டெஸ்ட் ரத்து. சைரனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. வாத்தியாரம்மா அவர் சட்டைப்பையில் பெப்பர்மின்ட் பொட்டலம் ஒன்றைத் திணித்து, “கத்தணும்னு தோணினா ஒண்ணைப் போட்டுக்கங்க” என்று சொல்லி அனுப்பினாள்.

அதே குட்டை முடிப் பெண். டிரைவர் நேராக இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். பின்சீட்டில் ஒரு பெப்பர்மின்ட் வாய்க்குள் போயிற்று.

கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும்தான் டிரைவருக்குத் தெரிந்தது, என்னமோ குறைகிறது என்று. சத்தம் குறைந்தது. திட்டே இல்லாத கார் அவருக்கு எஞ்சின் இல்லாத கார் மாதிரி இருந்தது. கையும் காலும் யாரிடமாவது ஏச்சு வாங்கக் காத்துக்கொண்டு நின்றன. ஸ்டாப் போர்டு வந்தது. ரோட்டில் ஈ காக்கா கிடையாது. வேகம் குறைந்தது, கார் பழைய பூனையாக நழுவப் பார்த்தது.

“போர்டு உனக்கு மாமனா மச்சானா? நில்லுய்யா!” என்று டிரைவரே கத்தினார்.

குட்டை முடிப் பெண் துள்ளிவிட்டாள். “என்ன சொன்னீர்கள்?”

“என்னிடம் நான் சொன்னேன்.”

“உங்களிடம் நீங்கள் என்ன சொன்னீர்கள்?”

“நிற்கச் சொன்னேன்.”

அவள் வெளியே பார்த்தாள். கார் அசையாமல், சாய வேண்டிய சாய்வு சாய்ந்து, கோட்டுக்கு முன்னால் நின்றிருந்தது. மடியிலிருந்த டேப்லெட்டில் எதையோ தட்டினாள். பின்சீட்டில் பெப்பர்மின்ட் கடக்கென்று உடைந்தது.

அதன்பிறகு டிரைவருக்குத் தடை இல்லை. இடது திருப்பத்தில், “தோளைப் பாருய்யா, தோளை!” என்று தன்னையே அதட்டிக்கொண்டார். கை ஹாரனுக்குப் போனபோது மறுகையால் அதைத் தட்டிவிட்டார். நாலு போர்டு சந்திப்பில், வாயெல்லாம் பல்லாக மூன்று சம்பந்திகளை வழியனுப்பிவிட்டுத் தன் முறைக்குப் போனார்.

கடைசியாக, பாதசாரிகள் கடக்கும் வரிக்கோடு. அதன் ஓரத்தில் சக்கரம் வைத்த பையை இழுத்துக்கொண்டு ஒரு வயதான அம்மாள் நின்றாள். டிரைவர் நிறுத்தினார். அந்த அம்மாள் சிரித்து, ‘நீ போ’ என்று கையைக் காட்டினாள்.

பழைய ஊர் என்றால், கை காட்டிய பிறகு ஏன் நிற்கப்போகிறார்? காலும் பிரேக்கிலிருந்து கொஞ்சம் எழுந்துவிட்டது. பின்சீட்டில் வாத்தியார் மூன்று பெப்பர்மின்டை ஒரே நேரத்தில் வாயில் போட்டுக்கொண்டு கண்ணை இறுக்க மூடினார்.

ஆனால் அந்தக் கைக்காட்டலை டிரைவர் எங்கேயோ பார்த்திருந்தார். தினமும் பார்த்திருந்தார், குளியலறை வாசலில்.

‘நீங்க முதல்ல’ என்று அவர் கையைக் காட்டினார்.

‘இல்லை, நீ போ’ என்று அந்த அம்மாள்.

‘நல்லா இருக்கே, வயசுல மூத்தவங்க நீங்க’ என்று இவர் தலையை ஆட்டினார்.

பின்னால் ஒரு கார், இன்னொரு கார், ஒரு லாரி என்று சேர்ந்தன. ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. அந்த அம்மாளும் விடுகிற ஜாதி இல்லை; பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் காட்டினாள். டிரைவர் பார்த்தார். கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டார். இதுவரை யாரும் தாங்காத ஆயுதம் அது. அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே பையை இழுத்துக்கொண்டு கடந்து போனாள்.

“இந்த இடத்தில்தான் நிறையப் பேர் தோற்பார்கள்” என்றாள் குட்டை முடிப் பெண். “கை காட்டினாலும் போகக் கூடாது. உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?”

“வீட்டில் பழக்கம்” என்றார் டிரைவர்.

அலுவலக வாசலுக்குத் திரும்பி வந்ததும் அவள் இறங்கி நின்று சொன்னாள்: “பாஸ். ஒரே ஒரு யோசனை. ஓட்டும்போது உங்களோடு நீங்களே சண்டை போடாமல் இருந்தால் நல்லது.”

அவள் முதுகைத் திருப்பினாளோ இல்லையோ, பின் கதவு படாரென்று திறந்தது. பெப்பர்மின்ட் வாசனையோடு வாத்தியார் வெளியே பாய்ந்து, டிரைவரைக் கட்டிப்பிடித்துத் தூக்கப் பார்த்தார்.

“டேய்! பாஸ் ஆயிட்டேடா! ஜெயிச்சுட்டேடா படுபாவி!”

டெஸ்டுக்கு வந்து காத்திருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். டிரைவருக்கு மூச்சு முட்டியது, கண்ணும் கலங்கியது.

“சம்பந்தி… கதவு திறந்திருக்கு.”

வாத்தியார் பிடியை விடவில்லை. காலை மட்டும் பின்னால் நீட்டிக் கார்க் கதவை உதைத்து மூடினார். “இப்ப மூடியாச்சு. வாயை மூடுடா” என்றார்.

டிரைவர் அங்கே நின்றபடியே முதியோர் இல்லத்துக்குப் போன் செய்து, திங்கட்கிழமை வருகிறேன் என்று சொன்னார். சொல்லிவிட்டு, போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை. குளியலறை வாசலில் வழக்கம்போல இரண்டு துண்டுகள்.

“நீங்க முதல்ல குளிங்க சம்பந்தி” என்றார் வாத்தியார், பழக்க தோஷத்தில், எப்படியும் தான்தான் முதலில் போகப்போகிறோம் என்ற தைரியத்தில்.

“ஆமா சம்பந்தி, எனக்கு டூட்டிக்கு நேரமாச்சு. நான்தான் முதல்ல” என்று சொல்லிவிட்டு டிரைவர் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

வாத்தியார் துண்டோடு நின்றார். உள்ளே தண்ணீர் விழும் சத்தம். நேரம் போயிற்று. தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது.

“என்னடி இது? ஒரு பேச்சுக்குச் சொன்னேன். கிடுகிடுன்னு உள்ள போயிட்டாரு.”

“வேலைக்குப் போற மனுஷன், அப்படித்தான் போவாரு” என்றாள் வாத்தியாரம்மா. அவள் முகத்தில் ஒரே சந்தோஷம். “இன்னைக்குத்தான் அண்ணா நம்ம வீட்டு ஆளா ஆயிருக்காரு. உங்களுக்கும் கிளாஸுக்கு நேரமாகுது இல்ல? தட்டிக் கூப்பிடுங்க.”

“சம்பந்தியப் போயி எப்படிடி அவசரப்படுத்துறது?” என்று தயங்கிய வாத்தியார், கதவைப் பார்த்தார். மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

கதவு மூடியிருந்தது.

“யோவ்! எவ்வளவு நேரம்யா குளிப்ப? வெளிய வாய்யா!”

உள்ளேயிருந்து, தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே, பதில் வந்தது:

“பாம்! பாம்!”